யாழின் இசை தேடிய விபுலாநந்த அடிகள்

சிலப்பதிகாரம் பயில்வோர் அரங்கேற்று காதையிலே இடர்ப்படுதல் இயல்பு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர்களை எளிதில் ஒப்புவிக்கின்றோம். அவற்றின் ஒலியை உணர்தலே அரிதாகின்றது. யாழ் வழக்கொழிந்தமையால் பெயர் எஞ்சியது, இசை மறைந்தது. அம்மறைவை நீக்க முயன்றவர் விபுலாநந்த அடிகள்.

1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த அடிகளின் பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய இவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராக விளங்கி, 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் றமிழ்ப் பேராசிரியரானார்.

பழந்தமிழ் இசையை ஆராய அடிகள் கைக்கொண்ட கருவி கணிதம். நரம்பின் நீளத்தை மூன்று கூறாக்கி, இரண்டு கூற்றினை ஒலிப்பின், குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இவ்வாறே இளியிற் றொடங்கி அடுத்த ஐந்தாவதைக் காண்க. ஏனைய நரம்புகளும் முறையே அமையும். பண்டை நூலோர் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என வகுத்த 22 அலகுகளும், 21 நரம்புடைய பேரியாழ் முதலியனவும் அடிகளின் கணக்கிலே மீண்டும் பொருள் பெற்றன.

பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. உடல் நலிந்த நிலையிலும் அடிகள் அங்கு எழுந்தருளினார். அடுத்த மாதம் 19ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார்.

தமிழ் கற்போர்க்குக் கணிதம் வேண்டா, கணிதம் கற்போர்க்குத் தமிழ் வேண்டா என எண்ணும் மாணவர்க்கு அடிகளின் வாழ்வே தக்க விடையாகும்.