குடல் நோயைத் துரத்திய சுப்பாராவ்

வாரம் ஒரு நாள் டீச்சர் நமக்கு ஒரு நீல மாத்திரை கொடுக்கிறாங்க இல்லையா? பாதிப்பேர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான் விழுங்குறோம். அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அந்த அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் தேறியது மூன்றாவது முயற்சியில், அதுவும் நம்ம சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்! பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. அண்ணன் புருஷோத்தம் ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார். இந்த நோயில் சிறுகுடலின் உள்சுவர் அழன்று தேய்ந்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ஓயாமல் வயிற்றுப்போக்கு, நாக்கெல்லாம் புண், ரத்தசோகை. அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆசண்ட லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவரின் வைத்தியத்தில் பிழைத்தார்.

மாமனார் உதவியோடு அமெரிக்கா போனார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் படிப்பு. ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் செய்த ஆராய்ச்சியில்தான் ஏ.டி.பி. வந்தது. (பெரிய வகுப்பு அண்ணன்களைக் கேளுங்க, உயிரியல் பாடத்தில் இருக்கு.) ஊரில் விட்டுப்போன மனைவியை மறுபடி அவர் பார்க்கவே இல்லை. எனக்கு இது வருத்தம்தான்.

1940-ல் லெடர்லி கம்பெனியில் சேர்ந்தார். லாக்டோபேசில்லஸ் கேசி என்று ஒரு பாக்டீரியா. ஃபோலிக் அமிலம் கிடைத்தால்தான் அது வளரும். எதில் அந்தச் சத்து இருக்கிறது என்று அந்தக் குட்டிக் கிருமியை வைத்தே சோதித்தார்கள்! ஈரலிலிருந்து பிரித்தார்கள். வேறொரு பாக்டீரியா அதைத் தானே செய்வது தெரிந்து, அதிலிருந்தும் பிரித்தார்கள். 1945-ல் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். கியூபாவில் டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது.

நம்ம குடலில் வாழும் கிருமிகள் சிலவும் ஃபோலிக் சத்தைத் தயாரிக்கின்றனவாம். இன்னொன்றும் செய்கின்றன. ஆறின சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். அது பெருங்குடலுக்குப் போனதும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக மாற்றுகின்றன. குடல்சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. அழற்சியையும் அது தணிக்கும். நம்ம நீடாமங்கலத்துப் பழையசோத்துக்கு இப்படியும் ஒரு பெருமை!

சுப்பாராவின் குழுவில் இருந்த டக்கர், மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தை எடுத்தார். 1948-ல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

இன்றைக்கு ஸ்ப்ரூவுக்கு டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் அமிலமும், ஆரியோமைசின் வகையைச் சேர்ந்த டெட்ராசைக்ளினும். அண்ணன் புருஷோத்தம் படுத்திருந்தபோது இரண்டுமே உலகத்தில் இல்லை.