போல் நோஜியே

போல் நோஜியே (1908 - 1996) பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். மனித உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் செவிமடலில் உரிய ஓர் இடம் உண்டு என்ற கருத்தை முன்வைத்து, அந்த இடங்களை ஊசியாலோ பிற வழிகளாலோ தூண்டி வலியைக் குறைக்கும் மருத்துவ முறையை உருவாக்கினார். ஓரிகுலோதெரபி என்பது அம்முறைக்கு அவர் வழங்கிய பெயராகும். செவிக் குத்தூசி, காது அக்குபங்சர் என்றெல்லாம் இன்று அறியப்படும் சிகிச்சையின் பெரும்பகுதி, சீனாவில் நடைமுறையில் உள்ள முறை உட்பட, இவர் 1950களில் வெளியிட்ட வரைபடத்தின் தாக்கத்தைப் பெற்றதே. இது பழஞ்சீன மருத்துவத்திலிருந்து அப்படியே வந்தது எனப் பலர் கருதுவது சரியன்று.

இளமை

நோஜியே 1908ஆம் ஆண்டு லியோனில் பிறந்தார். முதலில் பொறியியல் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். மருத்துவப் பட்டம் பெற்றபின் லியோனிலேயே தொழில் செய்தார். வழக்கமான மருத்துவத்தோடு ஓமியோபதி, குத்தூசி மருத்துவம், கைகளால் முதுகெலும்பைச் சீர்செய்யும் முறை ஆகியவற்றிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். இந்த ஈடுபாடே பிற மருத்துவர்கள் பொருட்படுத்தாத ஒன்றை அவர் கவனிக்கக் காரணமாயிற்று எனலாம்.

மார்சேய்ப் பெண்ணின் சூடு

1951ஆம் ஆண்டில், தம்மிடம் வந்த நோயாளிகள் சிலரின் செவிமடலில், ஏறத்தாழ ஒரே இடத்தில், சிறிய தீக்காய வடு இருப்பதை நோஜியே கண்டார். விசாரித்தபோது, அவர்கள் அனைவரும் சியாட்டிக்கா எனப்படும், இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் நரம்பு வலியால் துன்புற்றவர்கள் என்பதும், மார்சேய் நகரில் வாழ்ந்த மதாம் பாரின் என்னும் நாட்டு வைத்தியப் பெண்மணி அவர்களின் காதில் சூடு போட்டார் என்பதும் தெரியவந்தது. பிற சிகிச்சைகள் பலனளிக்காத நிலையில் சூட்டுக்குப்பின் வலி விரைவில் குறைந்ததாக அவர்கள் கூறினர்.

இம்முறை ஐரோப்பாவுக்குப் புதிதன்று. கோர்சிக்கா தீவின் பஸ்தியா நகர மருத்துவரான லுச்சியானா, சியாட்டிக்காவுக்குக் காதில் சூடு போட்டுப் பலன் கண்டதாகத் தெரிவித்த செய்தி, 1850இல் பிரெஞ்சு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. சில ஆண்டுகள் பேசப்பட்டபின் அது மறக்கப்பட்டது. நாட்டு வைத்தியர்களிடம் மட்டும் வழக்கம் நீடித்தது.

நோஜியே இதனை ஏளனம் செய்யாமல், தம் நோயாளிகளுக்கும் அதே இடத்தில் சூடு போட்டுப் பார்த்தார். பலன் தெரிந்ததும், சூட்டுக்குப் பதிலாக ஊசியைப் பயன்படுத்தினார். தீக்காயமும் வடுவும் இல்லாமலே வலி குறைவதாக அவர் கண்டார். இக்கண்டறிதல் முழுவதும் நோஜியேயின் பெயரில் வழங்கினாலும், அதன் தொடக்கம் மருத்துவப் படிப்பில்லாத ஒரு பெண்ணின் கைப்பழக்கத்தில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. நோஜியே அதனை மறைக்கவில்லை.

செவிமடலின் வரைபடம்

சூடு போட்ட இடம், செவிமடலின் வெளிவளையத்துக்கு உட்புறம் ஓடும் மேட்டின் மேற்பகுதியில் இருந்தது. சியாட்டிக்காவோ பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதியில், இடுப்பு முள்ளெலும்பும் திருகெலும்பும் சேரும் இடத்தோடு தொடர்புடையது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த நோஜியே, அந்த மேடு முழுவதுமே தலைகீழாக நிற்கும் முதுகெலும்பைக் குறிக்கக்கூடும் எனக் கருதினார். அவ்வாறாயின் கழுத்துக்குரிய இடம் கீழே, காதுச் சோணைக்கு அருகில் இருக்க வேண்டும். தலைக்குரிய இடம் சோணையிலேயே அமைய வேண்டும்.

உடலின் ஒரு பகுதியில் வலி உள்ளவரின் செவிமடலை மெல்லிய கருவியால் அழுத்தி, எந்த இடம் கூடுதலாக நோகிறது எனக் குறித்துக்கொள்வதே அவர் கையாண்ட வழியாகும். இவ்வாறு சில ஆண்டுகள் குறித்தவற்றைச் சேர்த்தபோது, கருப்பையில் தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் சிசுவின் உருவம் அவருக்குத் தென்பட்டது. இந்தப் படமே பிற்காலத்தில் அவருடைய முறையின் அடையாளமாயிற்று. நினைவில் எளிதாகப் பதியும் படம் என்பதால் அது உண்மைக்கு மேலும் ஒரு சான்று போலவே எடுத்துக்கொள்ளப்பட்டது. உண்மையில் அது ஒரு கருதுகோளின் சுருக்கம் மட்டுமே.

செவிமடலுக்கு வரும் நரம்புகள் பலவகைப்பட்டவை என்பது உடற்கூற்றியலார் அறிந்ததே. முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பு, கழுத்திலிருந்து வரும் நரம்புகள், உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகசு நரம்பின் ஒரு கிளை ஆகியவை இச்சிறு பரப்பில் சந்திக்கின்றன. வேகசு நரம்பின் கிளை, தோலை எட்டும் இடம் காதின் உட்குழியும் அதனைச் சுற்றிய பகுதியும் ஆகும். நோஜியே உள்ளுறுப்புகளுக்கு இடம் குறித்ததும் அக்குழியிலேயே. ஆயினும் முழங்காலுக்கோ கட்டைவிரலுக்கோ செவிமடலில் தனித்தனி இடம் உண்டு என்பதை இந்த நரம்பமைப்பு மெய்ப்பிக்கவில்லை.

சீனாவுக்குச் சென்ற வழி

1956இல் மார்சேயில் நடந்த குத்தூசி மருத்துவ மாநாட்டில், அத்துறையில் பெயர்பெற்ற சாக் நிபோயேயின் அழைப்பின் பேரில், நோஜியே தம் ஆய்வை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது செருமானிய மொழிக் குத்தூசி இதழில் வெளிவந்தது. அங்கிருந்து 1958இல் சீனாவை எட்டியது. செவியோடு உடலுக்குள்ள தொடர்பைப் பற்றிச் சீனத்தின் பழைய மருத்துவ நூல்கள் பேசியிருப்பினும், உடல் முழுவதையும் செவிமடலில் குறித்த வரைபடம் அங்கு இருந்ததில்லை. நாஞ்சிங் நகரின் படைத்துறை மருத்துவக் குழுவினர் நோஜியேயின் படத்தைச் சோதித்து ஏற்றுக்கொண்டதோடு, தமக்குரிய புள்ளிகளையும் சேர்த்தனர். ஷென்மென் என்னும் புகழ்பெற்ற வலிநீக்கப் புள்ளி சீன மரபில் வந்தது.

இதன் விளைவாக இன்று இரு வரைபடங்கள் உள்ளன. அவை எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. எடுத்துக்காட்டாக, முழங்காலுக்குரிய இடத்தைப் பிரெஞ்சுப் படம் காதின் மேற்புறமுள்ள முக்கோணக் குழியிலும், சீனப் படம் அதனை அடுத்த மேட்டிலும் காட்டுகின்றன. இரண்டு மரபினரும் தத்தம் இடத்தில் ஊசி குத்திப் பலன் கண்டதாகக் கூறுகின்றனர். இம்முறையை ஐயுறுவோர் முதலில் சுட்டிக்காட்டுவதும் இதையே. உலக சுகாதார அமைப்பின் சார்பில் 1990 நவம்பரில் லியோனில் கூடிய குழு, பெயர்களை ஒழுங்குபடுத்த முயன்றது. பெயர்களை ஒழுங்குபடுத்தியதைச் சிகிச்சைக்குக் கிடைத்த ஒப்புதல் என விளம்பரம் செய்வோர் உண்டு, அது தவறாகும்.

பிற்காலக் கருத்துகள்

1969இல் நோஜியேயின் முதன்மை நூல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1966இல், காதைத் தொடும்போது மணிக்கட்டு நாடியின் தன்மை மாறுகிறது என்று கூறி, அதனைக்கொண்டு நோயறியும் முறையொன்றை வகுத்தார். பின்னர் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட ஒளி, மின்தூண்டல் முதலியவற்றுக்கும் உடற்பகுதிகளுக்கும் தொடர்பு கற்பித்தார். நாடியைத் தொட்டுணரும் மருத்துவரின் விரலையே அளவுகோலாகக் கொண்ட இப்பகுதி, பிறரால் உறுதி செய்யப்படவில்லை. அவரது பணியில் மிகவும் வலுவற்ற பகுதி இதுவே.

சோதனைக்கு உட்பட்ட வரைபடம்

1980இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 40 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நோயாளியின் உடல் துணியால் மூடப்பட்டு, காது மட்டுமே மருத்துவருக்குக் காட்டப்பட்டது. காதைப் பார்த்து அவர் சொன்ன வலியிடம், நோயாளி முன்னரே கூறியிருந்ததோடு 75.2 விழுக்காடு ஒத்திருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, வலியியலில் பெரும்புகழ் பெற்ற ரொனால்டு மெல்சாக்கும் அவருடைய சக ஆய்வாளரும் நாட்பட்ட வலியுடைய 36 பேரிடம் மின்தூண்டலால் நடத்திய ஆய்வில், சரியான புள்ளிக்கும் போலிச் சிகிச்சைக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

அறுவைக்குப் பிந்திய வலி

நாட்பட்ட வலி ஏறும், இறங்கும்; மனநிலையோடும் மாறும். அறுவைக்குப் பின் வரும் வலியோ தொடங்கும் நேரம் தெரிந்தது. ஒரே அறுவை செய்துகொண்ட பலரை ஒப்பிட முடியும். நோயாளி விசையை அழுத்தித் தாமே மருந்து பெறும் கருவியைக் கொடுத்துவிட்டால், வலியை வாய்ச்சொல்லால் மட்டுமன்றி, செலவான மருந்தின் அளவாலும் கணக்கிடலாம். அபின்வகை மருந்துகள் குமட்டல், மயக்கம், மலச்சிக்கல், சில வேளைகளில் மூச்சுத் தளர்வு ஆகியவற்றை உண்டாக்குவதால், அவற்றைக் குறைப்பதே நோயாளிக்கு ஒரு பயன் ஆகும்.

செருமனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 61 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூட்டுக்குரிய புள்ளி, ஷென்மென் முதலிய இடங்களிலும், மற்றவர்க்குக் காதின் வெளிவளையத்தில் புள்ளி எதுவும் இல்லாத இடங்களிலும் சிறு அழுத்தூசிகள் பொருத்தப்பட்டு, அறுவைக்குப்பின் மூன்று நாட்கள் அப்படியே விடப்பட்டன. முதல் 36 மணி நேரத்தில் முதற்பிரிவினர் சராசரியாக 37 மில்லிகிராம் பிரிட்ரமைடும், மற்றவர்கள் 54 மில்லிகிராமும் எடுத்துக்கொண்டனர். வலியின் அளவு இரு பிரிவிலும் ஒத்திருந்தது. ஒவ்வொருவரும் வலி தாங்கும் அளவுக்கு வரும்வரை தாமே மருந்து பெற்றதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் மருந்தின் பக்கவிளைவுகளிலும் வேறுபாடு தென்படவில்லை என்பதை, இவ்வாய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர். அதே குழுவினர் முழங்கால் உள்நோக்கி அறுவைக்குப்பின் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்விலும் வலிமருந்துத் தேவை குறைந்தது. நோஜியே இவற்றைக் காணவில்லை. அவர் 1996இலேயே மறைந்துவிட்டார்.

செவிமடல் குருத்தெலும்பால் ஆனது. இரத்த ஓட்டம் குறைந்தது. ஊசி நாட்கணக்கில் தங்கும்போது தூய்மை தவறினால் குருத்தெலும்பின் உறை சீழ்பிடித்து, காதின் வடிவமே குலையக்கூடும். ஆதலால் இதனை மருத்துவமனைக் கண்காணிப்பில், வலிமருந்துக்குத் துணையாக மட்டுமே செய்வது வழக்கம்.

2001இல் அமெரிக்க வான்படை மருத்துவர் ரிச்சர்டு நீம்ட்சோ, காயமுற்ற வீரர்களுக்கென ஐந்து செவிப்புள்ளிகளைக் கொண்ட எளிய முறையை வகுத்தார். காதில் பொருத்தப்படும் நுண்ணூசிகள் சில நாட்களில் தாமே விழுந்துவிடும். அந்த ஐந்தில் ஷென்மென் சீனர்களுடையது. சுழியப் புள்ளி நோஜியே குறித்தது.