தொழிலாளி பிள்ளைக்காகத் தோன்றிய பள்ளி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொழுது விடிந்ததும் காணும் காட்சி ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் பெண்கள் ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்பார்கள். பிள்ளையைப் பாட்டியிடமோ அங்கன்வாடியிலோ விட்டு வந்திருப்பார்கள். மாலையில் தாய் திரும்பும்வரை அந்தப் பிள்ளையின் கைக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கண்டவர் மேரியா மாண்டிசோரி அம்மையார். அவர் பெயரை நாம் இன்று பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையிலேதான் காண்கிறோம். ஆனால் அவர் பள்ளியின் வரலாறு தொடங்குவதோ தொழிலாளர் குடியிருப்பிலே! அதைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலி நாட்டிலே பிறந்தார். பெண் மருத்துவம் படிப்பதா என்று ஊர் முகம் சுளித்த காலம். ஆண் மாணவரோடு சேர்ந்து பிணம் அறுத்துப் படிக்க அனுமதி இல்லை. எல்லோரும் போனபின் தனியே நின்று படித்தார். 1896-ல் ரோம் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சியற்றவர்கள் என்று ஒதுக்கி, வெறும் அறையிலே அடைத்து வைத்திருந்த குழந்தைகளைக் கண்டார். தொடவும் பிடிக்கவும் பொருள் இல்லாமல் அந்தக் கைகள் ஏங்குவதை உணர்ந்தார். பொருள்களைக் கொடுத்தார்; அறிவு விழித்தது.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, ரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியிலே அவருடைய முதல் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு இடம் கொடுத்த கட்டிட முதலாளிகளின் எண்ணம் என்ன தெரியுமா? பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரிலே கிறுக்கிக் கட்டிடத்தைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் வெள்ளையடிக்கும் செலவு மிச்சம்! முதலாளி சுவரைக் காக்க நினைத்தார். அம்மையாரோ பிள்ளையைக் கண்டார்.

பத்து மரக்கட்டைகள். பெரியது பத்து சென்டிமீட்டர், சிறியது ஒரு சென்டிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோபுரம். அளவு மாறினால் கோபுரம் கோணும், சமயத்தில் சரியும். வாத்தியார் பிரம்பு வேண்டாம், வசை வேண்டாம். தவறைக் கட்டையே சொல்லும், பிள்ளையே திருத்தும். தடவிப் பார்த்தே தோலின் தடிமனைச் சொல்லும் நம் தொழிலாளிக்கு இது புதிய சங்கதியா? கையும் கண்ணும் சேர்ந்து கற்பதே கல்வி என்பதை அவர் கை அறியும். பெருஞ்செலவில் வாங்கிய பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, அந்தப் பிள்ளைகள் கட்டைகளையே நாடினர். சில மாதங்களில் எழுதவும் தொடங்கினர். உலகம் திரும்பிப் பார்த்தது.

அம்மையார் தவறே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் ஏற்றவர்தான். ஆனால், சர்வாதிகாரிக்குச் சேவகம் செய்யும் பள்ளியாகத் தம் பள்ளி மாற அவர் இணங்கவில்லை. 1930-களில் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன.

நாடு துறந்தவரை நம் மண் வரவேற்றது. 1939-ல் சென்னை அடையாறு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி தந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, வெள்ளை அரசு அவரைப் பகைநாட்டார் என்று கட்டுப்பாட்டில் வைத்தது. மகன் மரியோவையும் சிறைப்படுத்தியது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளில்தான் மகன் விடுதலையானார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியும் பணியைத் தொடர்ந்தார். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டிலே கண்மூடினார்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவர் சாயல் உண்டு. ஆயினும் மூன்று வயதுப் பிள்ளையின் கைக்குக் கட்டை கிடைத்ததா என்பதே நம் கேள்வி. கூலிக்காரன் பிள்ளைக்காகத் தோன்றிய கல்வி, கட்டணம் கட்டுவோர் வீட்டுச் சொத்தாகலாமா?

திருப்பத்தூர் மாவட்டத் தோழர்களே! உங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒருநாள் சென்று பாருங்கள். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா, கையால் கட்டுகிறார்களா? கட்டைகள் இல்லையென்றால் வழங்கும்படி அதிகாரிகளைக் கேளுங்கள். அது வரும்வரை ஊர்த் தச்சரிடம் பத்துக் கட்டை அறுத்து, முனை மழுக்கி, இழைத்துக் கொடுங்கள். சோறு போடும் கூடம் அறிவும் வளர்க்கட்டும். சான் லொரன்சோவில் முடிந்தது, ஆம்பூரில் முடியாதா?