விசுவாச வீரர் சி.டி. ஸ்டட்: ஆஷஸை விட்டு வந்தவர்



ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நம்ம வாலிபப் பிள்ளைகள் பேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவதைப் பார்க்கிறேன். ஆஷஸ் என்றால் அவர்களுக்கு நல்லாவே தெரியும். அந்த ஆஷஸை முதன்முதலில் மீட்ட இங்கிலாந்து அணியில் ஆடிய ஒருவர், பிற்காலத்தில் நம்ம ஊட்டியிலே போதகராக இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் சார்லஸ் தாமஸ் ஸ்டட்.

பிறந்தது 1860-ல். தகப்பனார் எட்வர்ட் ஸ்டட், பீகாரின் திர்ஹூத் பகுதியில் அவுரி பயிரிட்டுப் பெரும் பணக்காரர் ஆனவர். அவுரி என்றால் நீலச் சாயம். சாயத்தில் காசு எப்படிப் புரளும் என்று திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! 1875-ல் மூடி பிரசங்கியார் நடத்திய கூட்டங்களில் அவர் இரட்சிக்கப்பட்டார். மகன் 1878-ல் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் மனசெல்லாம் கிரிக்கெட்டிலேயே இருந்தது.

1882 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். ஜெயிக்க 85 ஓட்டம் போதும். அந்த வருஷம் ஆஸ்திரேலியருக்கு எதிராக இரண்டு சதம் அடித்திருந்த ஸ்டட்டைப் பத்தாவது ஆளாகத்தான் இறக்கினார்கள். மறுமுனையில் கடைசி விக்கெட் விழுந்தது. ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் மட்டையோடு நின்றார். 7 ஓட்டத்தில் தோல்வி! இங்கிலாந்து கிரிக்கெட் செத்துப்போச்சு, சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகுது என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு போட்டது. ஆஷஸ் என்ற பேர் வந்தது இப்படித்தான்.

அந்தச் சாம்பலை மீட்க ஐவோ பிளை தலைமையில் 12 பேர் கப்பல் ஏறினார்கள். சம்பளம் வாங்காத கனவான்கள் 8 பேர், கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 4 பேர். ஸ்டட்டும் அவர் அண்ணன் ஜார்ஜும் கனவான்கள் பக்கம். பார்லோ, பேட்ஸ், பார்ன்ஸ், மார்லி ஆகிய நால்வருக்கும் ஆட்டம்தான் சோறு. கொழும்பைத் தாண்டியதும் இன்னொரு கப்பல் வந்து மோதியதில் பந்துவீச்சாளர் மார்லிக்கு விலா எலும்பில் அடிபட்டது. 1884-லேயே அவர் இறந்துபோனார். மெல்போர்னில் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்த பேட்ஸ், 1887-ல் பயிற்சியின்போது கண்ணில் பந்து பட்டு ஆட்டத்தையே இழந்தார். கையை நம்பிப் பிழைக்கிற நமக்கு இந்த வேதனை புரியும்.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தார்கள். அப்போது கிடைத்த அந்தச் சின்ன மண் ஜாடி இன்றும் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இருக்கிறது. அதில் ஒட்டிய காகிதத்தில் ஸ்டட் குடும்பப் பேரும் உண்டு.

இந்தப் புகழெல்லாம் எதற்கு உதவும் என்ற கேள்வி, அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்த படுக்கையருகே ஸ்டட்டுக்கு வந்தது. அண்ணன் பிழைத்தார். தம்பி தம்மை முழுசாக ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, 1885-ல் ஆறு தோழர்களோடு சீனாவுக்குப் போனார். தகப்பன் சொத்தில் அவர் பங்கு சுமார் 29,000 பவுண்டு. 1887 ஜனவரியில் அதில் 25,000 பவுண்டை ஊழியங்களுக்கும் ஏழைகளுக்கும் அனுப்பிவிட்டார். அதில் 5,000 இந்தியாவில் இரட்சணிய சேனை ஊழியத்துக்கு. அவுரியால் வந்த காசு இந்தியாவுக்கே திரும்பியது! கடைசி 3,400 பவுண்டை மணப்பெண் பிரிசில்லாவுக்குக் கொடுத்தார். அந்த அம்மாள் அதையும் வைத்துக்கொள்ளவில்லை.

1900 முதல் 1906 வரை ஊட்டி யூனியன் சபையில் போதகர். ஆஸ்துமாவோடுதான் பிரசங்கித்தார். மேட்டுப்பாளையம் மலைப்பாதை ஏறும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்வேன். ஐம்பது வயது தாண்டி, 1913-ல் காங்கோ காட்டுக்குப் போனார். 1916-க்குப் பிறகு தாயகம் திரும்பவே இல்லை. நோயாளியான மனைவி 1928-ல் ஒரே ஒருதரம் காங்கோ வந்து பார்த்தார், மறுவருஷமே இறந்தார். ஸ்டட்டின் கண்டிப்பு தாங்காமல் உடன் ஊழியர் சிலர் விலகினார்கள். லண்டன் கமிட்டியோடும் பெரிய மனத்தாங்கல். இதையெல்லாம் மறைத்து அவரைப் புகழ எனக்கு இஷ்டமில்லை. அவர் கொடுத்ததன் பாரத்தை வீட்டாரும் சேர்ந்தே சுமந்தார்கள். 1931 ஜூலை 16-ல் காங்கோவின் இபாம்பியில் இளைப்பாறுதலுக்குள் போனார்.

வாலிபப் பிள்ளைகளே, கிரிக்கெட் ஆடினதற்காக அவர் வருந்தவில்லை. தைரியத்தையும் ஒழுங்கையும் அதிலேதான் கற்றார். அதை விக்கிரகமாக வைத்ததற்குத்தான் வருந்தினார். நமக்கு அது ஓவர்டைம் காசாக இருக்கலாம், தீபாவளி போனஸாக இருக்கலாம், ஜெயித்த கோப்பையாகவும் இருக்கலாம். கையில் வந்த அன்றைக்கு அதில் ஆண்டவருக்கு எவ்வளவு, அடுத்த வீட்டு ஏழைக்கு எவ்வளவு என்று இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். வீட்டம்மாவையும் கேட்டு முடிவு செய்யுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!