பனையூர் தந்த பட்டாளத்தான்

பாலைவனப் பட்டாளப் படங்களைப் பார்க்காத தோழர்கள் குறைவு. மணல்மேடு, நடுவே ஒரு கோட்டை, உச்சியில் கொடி, உள்ளே விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளைச் சிப்பாய்கள், வெளியே அலை அலையாய்ப் பாய்ந்துவரும் பெயரில்லாத கூட்டம். 1939-ல் ஹாலிவுட்டார் எடுத்த போ ஜெஸ்ட் படத்திலே, செத்துப்போன சிப்பாய்களையும் துப்பாக்கியோடு மதிலில் சாய்த்து நிறுத்தி எதிரியை ஏமாற்றுவார்கள். 1930-ல் வந்த மொராக்கோ படத்திலே, செல்வனின் கைப்பிடித்துச் சுகமாய் வாழ்ந்திருக்கக்கூடிய பாட்டுக்காரி, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பட்டாளத்தானின் பின்னே மணலில் நடந்து போவாள். நல்ல காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மணலுக்குச் சொந்தக்காரன் யார், அவன் ஏன் கோட்டையைத் தாக்க வருகிறான் என்று சொல்ல அவர்களுக்கு நேரமில்லை! கறுப்பு மனிதனுக்கு உயர்ந்த வேடம் என்றால், அதே 1939-ல் வந்த கங்கா தீன் வேடம். வெள்ளைப் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமந்து, ஊதுகுழல் ஊதி எச்சரித்து, உயிரைவிட்டு, பிணமான பின் பட்டாளத்தில் பதவி பெறும் வேடம். அதையும் முகத்தில் நிறம் பூசிக்கொண்ட அமெரிக்க நடிகரே போட்டார்!

கோட்டையும் கொடியும் முற்றுகையும் காதலும் நிறைந்த கதை, நம் சேதுச் சீமையிலேயே பிறந்தது. ஒட்டகம் மட்டும்தான் இல்லை. தண்ணியில்லாத காடு என்று அதிகாரிகள் மாற்றலுக்கு அஞ்சிய இராமநாதபுரம் சீமை அது. பனையும் முள்ளும் உப்பங்காற்றும் அதன் சொத்து. அந்தப் பழைய சீமையைச் சேர்ந்த பனையூரில், 1725-ஐ ஒட்டி ஒரு வேளாளர் வீட்டில் மருதநாயகம் பிறந்தான். இளமையிலேயே வீட்டைவிட்டு ஓடினான், புதுச்சேரி போனான், பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்தான், இஸ்லாத்தைத் தழுவி யூசுப்கான் ஆனான். போர்ச்சுக்கீசிய வழிவந்த கிறிஸ்தவப் பெண் மாசாவை மணந்தான். மூன்று மார்க்கம் கலந்த வாழ்க்கை! எந்தக் கதாசிரியனும் இப்படி எழுதத் துணிந்திருக்கமாட்டான்.

கர்நாடகப் போர்களின்போது அவன் ஆங்கிலேயர் படைக்கு வந்து சேர்ந்தான். 1752 முதல் 1754 வரை நடந்த திருச்சி முற்றுகையில், பகைவரின் கண்ணில் மண்ணைத் தூவித் தானிய வண்டிகளைக் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அவனே. கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானான். தங்கப் பதக்கமும் பெற்றான். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்தவர்களில் முன்னணியில் நின்றான். 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். கம்பெனி பிழைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைப் பூசி மெழுகக்கூடாது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்து வாளேந்தியபோது, அவரை ஒடுக்க வந்த கம்பெனிப் படையை நடத்தியவன் இதே யூசுப்கான்தான். பாளையங்கள் பல அவன் பீரங்கிக்கு முன்னே வீழ்ந்தன. வெள்ளையனின் கைவாளாக இருந்தான், அதுவும் கூர்மையான வாளாக இருந்தான். அவனைப் பிறவிப் புரட்சிக்காரன் என்று மேடையில் முழங்குவோர், பூலித்தேவரின் ஊருக்குப் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பின் எப்படி மாறினான்? 1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் அவன் கைக்கு வந்தன. ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகை. சீமை அவனிடம் வந்தபோது பாழாய்க் கிடந்தது. ஏரிகளையும் கோட்டைகளையும் செப்பனிட்டான், நெசவாளருக்கு முன்பணம் தந்தான், கொள்ளையரை அடக்கினான், தான் முஸ்லிமாக இருந்தும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியத்தைத் திரும்ப வழங்கினான். சீமை தழைத்தது, கஜானா நிரம்பியது. நிரம்பிய கஜானாவைக் கண்டதும் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கு நாக்கில் நீர் ஊறியது! நாடு தனதென்றான், யூசுப்கான் தன் ஊழியன் என்றான். கம்பெனியிடம் கடன்பட்டுக் கிடந்த நவாபு அவன். நவாபு செழித்தால்தான் கடன் வசூலாகும் என்பது கம்பெனியின் கணக்கு. ரத்தம் சிந்திய சிப்பாய் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை. உழைத்துக் கட்டிய பின் வெளியே போ என்று கேட்ட தோழர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

யூசுப்கான் பணியவில்லை. மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். மார்ச்சந்த் என்ற பிரெஞ்சு அதிகாரி சிறு படையோடு துணை வந்தான். 1763-ல் கம்பெனி முற்றுகையிட்டது. மழைக்காலத்தில் விட்டுவிட்டுத் திரும்பியது. மறு ஆண்டு மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தது. 1764 ஜூன் 26-ல் மதிலேறிப் பாய்ந்தார்கள், கடுஞ்சேதத்துடன் துரத்தப்பட்டார்கள். ஹாலிவுட் படத்தின் கோட்டை இதுதான், தோழர்களே! ஆனால் இங்கே மதிலுக்கு உள்ளே நின்றவன் நம்மவன். வெளியே அலை அலையாய் வந்தது வெள்ளைப் பட்டாளம். வெள்ளையர் மட்டுமல்ல, நவாபின் ஆட்களும் வந்தார்கள். யூசுப்கானிடம் பகைகொண்டிருந்த அவன் சொந்தச் சேதுநாட்டுப் படையும் எதிர்ப்பக்கமே நின்றது.

பீரங்கியால் ஆகாததைப் பட்டினியால் செய்தார்கள். உணவுவழி அடைக்கப்பட்டது. திருச்சிக் கோட்டைக்குத் தானியம் கொண்டுவந்து கம்பெனியைக் காத்தவனைக் கம்பெனி இப்படித்தான் மடக்கியது. கோட்டைக்குள் மாசாவும் அவள் சிறு மகனும் இருந்தார்கள். பசி முற்ற முற்ற உள்ளே முணுமுணுப்பு. முணுமுணுப்புக்குப் பின் சதி. திவான் சீனிவாசராவ், வைத்தியன் பாபா சாகிப், துணைக்கு வந்த மார்ச்சந்த், எல்லோரும் அதில் கூட்டு. 1764 அக்டோபர் 13-ல், தொழுகையில் இருந்தவன்மீது பாய்ந்து, அவன் தலைப்பாகையாலேயே அவனைக் கட்டினார்கள். 15-ந் தேதி, மதுரைக்கு மேற்கே கம்பெனி முகாமின் அருகே தூக்கிலிட்டார்கள். கயிறு முதலில் அறுந்தது என்றும், உடலைத் துண்டாக்கி ஊர் ஊராய் அனுப்பினார்கள் என்றும் மக்கள் சொல்கிறார்கள். மீதியைப் புதைத்த சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் நிற்கிறது.

பாட்டாளி மக்கள் அவனை மறக்கவில்லை. கான்சாகிபு சண்டை என்று கதைப்பாடல் கட்டிப் பாடினார்கள். மதுரையின் கான்பாளையமும் கான்சா மேட்டுத் தெருவும் அவன் பெயரைத்தான் சுமக்கின்றன.

திரைப்படம்? அதுவும் தொடங்கியது. கமல்ஹாசன் மருதநாயகம் என்ற படத்துக்குச் சென்னையில் தொடக்க விழா எடுத்தார். வந்திருந்த விருந்தாளி இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். நாள் 1997 அக்டோபர் 16; தூக்கிலிட்டு 233 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. சில காட்சிகள் எடுத்ததோடு, பணம் போதாமல் படம் நின்றுபோனது.