மனத்தின் வாயிலைக் காத்தவர் – புதுவை ஸ்ரீ அரவிந்தர்

சாமாயிகத்தில் அமர்வோர் அனைவரும் அறிந்த இடர் ஒன்று உண்டு. உடல் அசைவின்றி இருக்கும். நா பஞ்ச நமஸ்காரத்தை ஓதும். உள்ளமோ கடைவீதியிலும் கணக்கேட்டிலும் உலவிக்கொண்டிருக்கும். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது பல்லாண்டு பழகியவர்க்கும் அரிதாகவே உள்ளது. அடக்க அடக்க அது திமிறுகின்றது. புதுவை நகரில் 40 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தரும் இவ்விடரைக் கண்டவரே. அவர்தம் நெறி சமண நெறியினின்று வேறானது. எனினும் அலையும் மனத்தை அவர் எதிர்கொண்ட முறை, தியானம் பயில்வோர் எவர்க்கும் பயன்தரத் தக்கது.

அவர் 1872 ஆகஸ்டு 15ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன் கோஷ் மருத்துவர். மேனாட்டு நாகரிகத்தில் பெரும் பற்றுடையவர். ஏழாம் வயதிலேயே மகனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மான்செஸ்டர், இலண்டன், கேம்பிரிட்ஜ் ஆகிய ஊர்களில் கல்வி பயின்ற அரவிந்தர் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறினார். ஆயினும் குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாது விட்டு, அப்பணியைத் தவிர்த்தார். 1893இல் தாயகம் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் 13 ஆண்டுகள் பணியாற்றினார். பரோடா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் விளங்கினார். அக்காலத்தில் பிராணாயாமம் பயின்றார். நாள்தோறும் பல மணி நேரம் மூச்சை ஒழுங்குபடுத்தியதால் கவிதை ஊற்றெடுத்தது, உடல்நலம் ஓங்கியது. ஆயினும் உள்ளம் ஒடுங்கவில்லை. 1906இல் வங்கம் சென்று தேசியப் போராட்டத்தில் ஈடுபட்டதும் அப்பயிற்சியும் நின்றுபோயிற்று.

1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரசு மாநாடு இரண்டாகப் பிளந்தது. தீவிரவாதப் பிரிவின் தலைவர்களுள் ஒருவரான அரவிந்தரைச் சுற்றி எங்கும் கூட்டமும் முழக்கமும் இருந்தன. அந்நிலையில்தான் அவர் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்னும் மராட்டிய யோகியைச் சந்தித்தார். இருவரும் ஒரு வீட்டின் மாடியறையில் மூன்று நாட்கள் தனித்திருந்தனர்.

லேலே கூறிய முறை மிக எளியது. எதையும் எண்ண முயலாது மனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்ணங்கள் வெளியிலிருந்து வருவது தெரியும். உட்புகுமுன் அவற்றை விலக்கிவிட வேண்டும் என்பதே அது. எண்ணங்கள் தம்முள்ளேயே பிறக்கின்றன என்றுதான் அரவிந்தர் அதுகாறும் கருதியிருந்தார். ஆயினும் ஐயம் எழுப்பி வாதிடாமல் அமர்ந்து பார்த்தார். எண்ணங்கள் புறத்தேயிருந்து வந்து வாயிலை அணுகுவதை நேரே கண்டார். அணுகியவற்றை ஏற்காது திருப்பினார். மூன்றே நாட்களில் அவர் மனம் காற்றசையாத வெளி போல் அமைதியுற்றது.

அமைதி கிட்டியவுடன் ஒரு சோதனையும் எதிர்வந்தது. 1908 ஜனவரி 19ஆம் நாள் பம்பாயில் பெருங்கூட்டத்தில் அவர் உரையாற்ற வேண்டியிருந்தது. மனத்திலோ ஓர் எண்ணமும் இல்லை. என் செய்வது என்று லேலேயை வினவினார். அவையோரை வணங்கிவிட்டுக் காத்திருந்தால் சொல் தானே வரும் என்று லேலே வழிகாட்டினார். அவ்வாறே நின்றார்; உரை தடையின்றி எழுந்தது. மனம் ஓய்ந்தால் செயலும் ஓய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை என்பதை அன்று அவர் தெளிந்தார்.

அதே ஆண்டு மே 2ஆம் நாள் ஆங்கில அரசு அவரைக் கைது செய்து அலிப்பூர்ச் சிறையில் அடைத்தது. ஒன்பதடி நீளமும் ஐந்தாறடி அகலமும் கொண்ட சாளரமற்ற கொட்டடி. முன்புறம் இரும்புக் கம்பிகள். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் உண்பதற்கும் ஒரே கிண்ணம். தனிமையில் சில நாட்கள் கழிந்ததும் எண்ணங்கள் கட்டுக்கடங்காது பெருகின. ஒரு பிற்பகல் அறிவே நிலைகுலைந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அவை சுழன்றடித்தன. அப்போது அவர் எண்ணங்களோடு மல்லாடவில்லை. இறைவனைச் சரணடைந்து வேண்டினார். உள்ளம் குளிர்ந்தது. பரோடாவில் அத்தகு அமைதி பெற்றவர்க்கும் இத்தகைய ஒரு நாள் வந்தது என்பதைத் தியானத்தில் தளர்வோர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இதனை அவர் மறைக்கவும் இல்லை. தம் சிறைவாழ்க்கை பற்றி வங்கமொழியில் எழுதிய நூலில் தாமே பதிவு செய்துள்ளார்.

அதே நூலில் மற்றொரு காட்சியும் உண்டு. கொட்டடி வாயிலில் ஊர்ந்த கருப்பு எறும்புகளைச் செவ்வெறும்புகள் தாக்கிக் கொல்லக் கண்ட அவர், துன்புற்றவற்றின்பால் இரக்கங்கொண்டு அவற்றைக் காக்க முனைந்தார். பின்னர்க் கைதிகள் அனைவரும் ஒரே கூடத்தில் வைக்கப்பட்டபோது இளைஞர்களின் ஆடலும் பாடலும் நகைப்பும் ஓயாது ஒலித்தன. அவ்வொலியின் நடுவே ஒரு மூலையில் அமர்ந்து அவர் தியானம் பழகினார். ஓசையற்ற இடம் வாய்க்கட்டும் என்று காத்திருக்கவில்லை. சித்தரஞ்சன தாஸ் வாதாடிய அவ்வழக்கில் 1909 மே 6ஆம் நாள் விடுதலை பெற்றார்.

மீண்டும் கைதாகும் நிலை நெருங்கவே, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட சந்திரநாகூர் சென்றார். அங்கிருந்து புறப்பட்டு, 1910 ஏப்ரல் 4ஆம் நாள் கப்பல் வழியே புதுவை வந்திறங்கினார். பாரதியாரும் மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் உற்ற துணையாயினர். கலவை சங்கர செட்டியார் இல்லத்து மாடியில் ஆறு மாதம் மறைந்து வாழ்ந்தார். அங்கு 23 நாட்கள் உணவின்றி நோன்பிருந்தார். அந்நாட்களிலும் எழுத்துப் பணியைக் குறைக்கவில்லை. நாள்தோறும் பல மணி நேரம் நடப்பதையும் விடவில்லை. உபவாச நாட்களில் சோர்ந்து படுத்துவிடாமல் உள்ளத்தை விழிப்போடு வைத்தல் இயலும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

பிரான்சுவா மர்த்தேன் வீதி இல்லத்தில் வாழ்ந்த ஆண்டுகளிலும் நடையே அவர்தம் தியானமாக விளங்கியது. வெளியே ஆங்கில அரசின் ஒற்றர்கள் காவலிருந்தனர். உள்ளே வறுமை நிலவியது. 1914 ஆகஸ்டு 15 முதல் ஆறாண்டுகளுக்கு மேல் ‘ஆர்யா’ என்னும் ஆங்கில மாத இதழை நடத்தினார். அதன் பெரும்பகுதியைத் தாமே எழுதினார். அவ்வளவு எழுத்தும் அமைதியுற்ற மனத்தினின்றே வந்தது என்று பிற்காலத்தில் அன்பர்களிடம் தெரிவித்தார்.

1926 நவம்பர் 24க்குப் பின் அவர் தனிமை மேற்கொண்டார். ஆசிரமப் பொறுப்பை அன்னை ஏற்றார். ஆண்டில் சில தரிசன நாட்களில் மட்டுமே அன்பர்கள் அவரைக் காண முடிந்தது. ஆனால் அவர்களுடைய ஐயங்கள் கடிதங்களாக நாள்தோறும் வந்து குவிந்தன. தியானத்தில் மனம் ஓடுகிறது, உறக்கம் வருகிறது, பழைய நினைவுகள் தொல்லை தருகின்றன என்னும் முறையீடுகள் திரும்பத் திரும்ப வந்தன. இரவெல்லாம் விழித்திருந்து அவற்றுக்கு மறுமொழி எழுதினார்.

மனம் அலைவது மாந்தர் அனைவர்க்கும் பொது; அதனால் மனந்தளர வேண்டா என்பது அவர் அறிவுரை. எண்ணத்தோடு போரிட்டால் அது வலுப்பெறும். விலகி நின்று சாட்சியாய் நோக்கி, இசைவு தராதிருந்தால் மெல்லத் தளரும். செக்குமாடுபோல் சுழலும் வீண் நினைவுகளைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாம். விலகிச் சென்ற மனத்தைச் சினவாமல் மீண்டும் அழைத்து வரவேண்டும். உள்நோக்கிச் செல்லப் பழகாத மனம் அதனை உறக்கமென மயங்கும். அப்போது நின்றோ நடந்தோ தியானிக்கலாம். தியானத்தின் பொருட்டு உடலுக்கு வேண்டிய உறக்கத்தைக் குறைத்தல் ஆகாது. இவையே அவர் மறுமொழிகளின் சாரம்.

சமண நூல்கள் வினை வந்து புகுதலை ஊற்று என்றும், புகாது தடுத்தலைச் செறிப்பு என்றும் கூறும். மனம், மொழி, மெய் என்னும் வாயில்களைக் காப்பவனுக்கே செறிப்பு கைகூடும். அரவிந்தர் வேறொரு தத்துவத்தின் வழியில் நடந்தவர். ஆயினும் அவர் வாயிலில் நின்று செய்த காவலைச் சமணர் எளிதில் உணர்வர்.

1950 டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். 9ஆம் நாள் ஆசிரம முற்றத்தில் சமாதி அமைந்தது. இன்றும் அம்மரநிழலில் மக்கள் பேச்சின்றி அமர்ந்திருக்கக் காணலாம். அருகில் மணக்குள விநாயகர் கோயிலுக்குச் செல்வோரின் ஆரவாரமும் வீதியின் வண்டியோசையும் கேட்டவண்ணமே இருக்கும். அவற்றை ஒருவரும் நிறுத்த இயலாது, நிறுத்தவும் வேண்டுவதில்லை. இல்லத்தில் சாமாயிகம் செய்வோரும் அவ்வாறே அமரலாம். 48 நிமிடத்தில் மனம் நூறு முறை வெளியே சென்றாலும், நூறு முறையும் பொறுமையுடன் அதனை அழைத்து வருவதே சாதனையாகும்.