அடுத்த வீட்டாரைக் கேளுங்கள்!

1931ம் வருஷம். உஜ்பெகிஸ்தானத்துக் குக்கிராமங்களுக்கு மாஸ்கோவிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. தேநீர்க் கடையில் குடியானவர்களோடு ஊர்க்கதை பேசும்; பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வியைப் போடும். தாங்கள் எப்படிப்பட்ட மனிதர்? தங்களிடம் உள்ள குறை என்ன?

கோஷ்டியின் தலைவர், முப்பது வயது நிரம்பாத அலெக்சாண்டர் லூரியா.

1902ல் காஜான் நகரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதிலேயே சர்வகலாசாலைப் படிப்பை முடித்தார். மாஸ்கோவில் வைகாட்ஸ்கி என்ற மேதையின் நட்புக் கிடைத்தது. மனம் பிறவியிலேயே முழுசாக அமைந்துவிடுவதில்லை. தொழிலும் படிப்பும் சமூகமும் அதை உருவாக்குகின்றன என்பது இருவரின் கொள்கை. அதை அளந்து பார்க்க உஜ்பெகிஸ்தானமே தக்க இடம். எழுத்தறியாத விவசாயிகளும், கூட்டுப் பண்ணையில் சேர்ந்து புதிதாக அட்சரம் கற்றவர்களும் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். க்ஷயரோகியான வைகாட்ஸ்கியால் பிரயாணம் செய்ய முடியவில்லை.

கிடைத்த பதில்கள் விசித்திரமானவை. குறை என்ன என்றால், உடுத்த நல்ல துணி இல்லை என்பார் ஒருவர். என் மனசை நான் எப்படிச் சொல்வது, மற்றவர்களைக் கேளுங்கள் என்பார் இன்னொருவர். பண்ணையில் சேர்ந்து கொஞ்சம் படித்தவர்களோ தங்கள் குணதோஷங்களைத் தாங்களே எடைபோட்டார்கள். 'நான்' என்ற எண்ணமே சமூகம் தரும் சொத்து என்று லூரியா முடிவு கட்டினார்.

பனி பெய்யும் வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை. அங்குள்ள ஓர் ஊரில் கரடி என்ன நிறம் என்றும் கேட்டார். பார்க்காததைப் பற்றி எப்படிப் பேசுவது என்றார்கள் கிராமத்தார். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியுமா? லூரியா மனிதர்களை ஏணிப்படியில் மேலும் கீழுமாக நிறுத்திவிட்டார் என்று பின்னால் வந்த அறிஞர்கள் குறை கூறியது நியாயமே.

ஆனால் அன்று மாஸ்கோவில் கிளம்பிய கண்டனம் வேறு ரகம். சோவியத் பிரஜைகளையே மட்டம் தட்டிவிட்டார் என்று பாய்ந்தார்கள். கட்சியின் சீற்றம் லேசானதல்ல. 1934ல் வைகாட்ஸ்கியும் 37 வயதில் மறைந்தார். லூரியா குறிப்புகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு வைத்தியம் படித்தார். யுத்த காலத்தில் யூரல் பிரதேச ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பேச்சையும் ஞாபகத்தையும் மீட்டுத் தரப் பாடுபட்டார். உலகப் புகழ் வந்தது அந்த வழியில்தான்.

உஜ்பெக் ஆராய்ச்சி 1974ல்தான் புத்தகமாயிற்று. பதில் சொன்னவர்களின் வயதும் எழுத்தறிவும் அதில் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. மூன்றே வருஷத்தில், 1977 ஆகஸ்டில், லூரியா காலமானார்.